அனுமதி கேட்காமலே ஆள் குறைப்பது எப்படி? ஓசூர் வட்டாரத்துக்கு ஒரு விளக்கம்

2025 நவம்பர் 21 அன்று நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததிலிருந்து கம்பெனி பஸ்ஸிலும் வாட்ஸ்ஆப் குழுக்களிலும் இரண்டு பேச்சு மாறி மாறி ஓடுகிறது. ஒன்று, "இனிமேல் யாரை வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு அனுப்பலாம், கேட்க நாதியில்லை." இன்னொன்று, "பர்மனென்ட் ஆளை எவனும் தொட முடியாது, சும்மா பயப்படாதே." இரண்டுமே தப்பு. எங்கே தப்பு என்று பார்க்க வேண்டுமானால் சட்டத்தை மட்டும் படித்தால் போதாது, ஒரு பெரிய கம்பெனி இறங்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "ஆட்குறைப்பு" என்று எழுத்தில் கொடுத்து ஆள் குறைப்பது எந்தப் பெரிய நிறுவனத்துக்கும் கடைசி வழி. ஆட்கள் தாங்களாகவே போகும்படி செய்வதுதான் முதல் வழி. அதற்கு நஷ்டஈடு கிடையாது, அனுமதி வாங்க வேண்டாம், பத்திரிகையில் செய்தியும் வராது. உள்ளே வேலை செய்பவர்களுக்கு வரும் சலிப்பும் கசப்பும் நிறுவனத்துக்கு நேர்ந்த துரதிர்ஷ்டம் என்று நாம் நினைக்கிறோம், பல இடங்களில் அது நிர்வாகத்தின் கணக்கில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட ஒன்று. இங்கே ஓசூரில் இருக்கும் எந்தக் குறிப்பிட்ட கம்பெனியையும் மனதில் வைத்து இதை எழுதவில்லை. நடந்து முடிந்த உதாரணங்கள் வெளியூரில் நிறைய இருக்கின்றன.

இந்த வட்டாரத்துக்கு ஏன் இது முக்கியம்

ஓசூரில் சிப்காட் என்ற அரசுத் தொழிற்பேட்டை 1970களில் வந்தது. அப்போது இது தருமபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில்தான். பின்தங்கிய மாவட்டம் என்று சலுகை, பெங்களூர் 40 கிலோமீட்டர், நெடுஞ்சாலை வாசலிலேயே. இந்த மூன்றும் சேர்ந்து கம்பெனிகளை இழுத்தன. 1980ல் அசோக் லேலண்ட் ஆலையும் டிவிஎஸ் மொபெட்டும், 1984ல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டனும் வந்த பிறகு, பாலக்கோடு, காரிமங்கலம், சூளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து வீடுகளில் "கம்பெனி வேலை" என்பது அரசு வேலைக்கு அடுத்த இடத்தைப் பிடித்தது. பெண் கொடுக்கிறவர்கள் அதை விசாரித்தார்கள், வங்கிக்காரர்கள் அதைப் பார்த்து வீட்டுக்கடன் கொடுத்தார்கள்.

அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இருந்தது. ஒரே ஆலையில் 18 வயதில் சேர்ந்து 58 வயதில் மாலை போட்டுக்கொண்டு வெளியே வந்த தலைமுறை ஒன்று நம் கண்ணெதிரே இருக்கிறது. அடுத்த தலைமுறைக்கும் அதே ஏற்பாடுதான் என்று நினைத்துக்கொண்டதில்தான் சிக்கல். அந்த ஆள் ஓய்வு பெற்ற இடத்தில் பர்மனென்டாக இன்னொருவர் வரவில்லை. டிரெய்னி, அப்ரண்டிஸ், காண்ட்ராக்ட், குறித்த கால ஒப்பந்தம் என்று நான்கு விதமான ஆட்கள் வந்தார்கள். ஒரே லைனில், ஒரே நிறச் சட்டையில் நிற்பார்கள். குறைக்க ஆரம்பித்தால்தான் யார் எந்த விதம் என்று தெரியவரும்.

பெரிய கம்பெனி எப்படி இறங்குகிறது

மூன்று கம்பெனிகளைப் பார்ப்போம். மூன்றும் வேறு வேறு மாதிரி.

எச்எம்டி வாட்ச் (மத்திய அரசு கம்பெனி): 1961ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் ஆரம்பித்து, ஒரு காலத்தில் கல்யாண மாப்பிள்ளை கையில் எச்எம்டி இல்லாமல் இருக்காது என்ற நிலை. பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச் செய்யத் தெரியாமல் வீழ்ந்தார்கள் என்று பலர் சொல்வார்கள், அது சரியில்லை. 1980களின் தொடக்கத்திலேயே அவர்கள் குவார்ட்ஸ் செய்தார்கள். சாவி கொடுக்கும் வாட்ச்தான் அப்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, அதை விட மனசு வரவில்லை. அத்திப்பள்ளி தாண்டி இந்தப் பக்கம் ஓசூரில் டைட்டன் குவார்ட்ஸை மட்டுமே நம்பி இறங்கியது. எச்எம்டி வாட்சஸை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது 2016 ஜனவரியில். இடையில் போன ஆண்டுகளில் ஊழியர்கள் பழைய ஊதிய விகிதத்திலேயே ஓடிக்கொண்டிருந்தார்கள், மூடும்போது விருப்ப ஓய்வுத் தொகையைக் கணக்கிடக்கூட 2007ஆம் ஆண்டு விகிதத்தை "பாவித்துக்கொள்ளலாம்" என்று தனியாக அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. சம்பளத்தை உறையவைத்தாலே பாதிப் பேர் போய்விடுவார்கள் என்பதற்கு இதைவிட நீளமான சாட்சி வேண்டாம்.

நோக்கியா, ஸ்ரீபெரும்புதூர்: 2006ல் உற்பத்தி தொடங்கியது. 2008 வாக்கில் உலகத்தில் விற்ற செல்போனில் கிட்டத்தட்ட 40 சதவீதம் நோக்கியா. 2013 செப்டம்பரில் போன் தொழிலையே மைக்ரோசாஃப்டுக்கு விற்பதாக அறிவித்தது. வரி வழக்கில் சிக்கியதால் சென்னை ஆலை மட்டும் அந்த விற்பனையில் சேரவில்லை. மைக்ரோசாஃப்டுக்குச் செய்து கொடுக்கும் ஆலையாக சில மாதம் ஓடி, ஆர்டர் நின்றதும் 2014 நவம்பர் 1ல் மூடியது. கவனிக்க வேண்டியது இதுதான்: 2014 தொடக்கத்தில் ஆறாயிரத்துக்கும் மேல் இருந்த இடத்தில் மூடும் அன்று மிஞ்சியவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. பெரும்பாலோர் ஏப்ரலில் வந்த விருப்ப ஓய்வுத் திட்டத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். கதவில் பூட்டுப் போட்ட நாளில் குறைப்பதற்கு ஆளே இல்லை.

ஃபோர்டு, மறைமலைநகர்: 2021 செப்டம்பர் 9ல் அறிவிப்பு. பத்து ஆண்டில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்றது கம்பெனி. 2022 ஜூலையில் கடைசி வண்டி இறங்கியது. இங்கே ஆட்கள் கலையவில்லை, கூட்டமாக உட்கார்ந்து பேரம் பேசினார்கள், ஏற்றுமதி வண்டி இன்னும் முடியாத நிலையில் வேலையை நிறுத்திப் போராடினார்கள். ஓர் ஆண்டு பணிக்கு 15 நாள் சம்பளம் என்று சட்டம் சொல்லும் இடத்தில், 100 நாளுக்கும் மேல் என்ற அளவுக்குத் தொகை ஏறியது.

நோக்கியாவுக்கும் ஃபோர்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் நிர்வாகத்தின் தாராள மனசு இல்லை. ஃபோர்டில் முடிக்க வேண்டிய வண்டிகள் இருந்தன, முடித்துக் கொடுக்க ஆட்கள் ஒன்றாக இருந்தார்கள்.

கசப்பு எந்த வரிசையில் வரும்

வெளியே பங்கு விலை, காலாண்டு நஷ்டம் என்று செய்தி வருவதற்கு வெகு முன்பே ஷாப் ஃப்ளோரில் தெரிந்துவிடும். வரிசை அனேகமாக இப்படி:

1. ஓ.டி. (கூடுதல் நேர வேலை) நிற்கும். வீட்டுக்கடன் தவணையை ஓ.டி.யை நம்பிக் கட்டுகிறவர் முதல் மாதத்திலேயே திணறுவார்.

2. சின்னச் செலவில் கை வைப்பார்கள். ஸ்டோர்ஸில் சி.என்.சி. இயந்திரத்தில் உலோகம் வெட்டும் இன்செர்ட் கேட்டால் தேய்ந்த பழையதைக் கொண்டுவந்து காட்டினால்தான் புதிது, அதுவும் நான்கு முனையும் தேய்ந்திருக்க வேண்டும். கையுறை மாதத்துக்கு ஒரு ஜோடி. தருமபுரியிலிருந்து தனியாக வந்த பஸ்ஸை கிருஷ்ணகிரி பஸ்ஸோடு சேர்த்துவிடுவார்கள், காலை ஷிஃப்டுக்கு அரை மணி முன்னால் கிளம்ப வேண்டும். சேமிப்பு என்று பார்த்தால் இதெல்லாம் சொற்பம். ஆனால் உள்ளே இருப்பவருக்கு இது "நாம் இனி வேண்டாதவர்கள்" என்ற சேதி, அதைப் படிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

3. காண்ட்ராக்ட் ஆட்கள் சத்தமில்லாமல் குறைவார்கள். "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் போனில் சொல்வதோடு சரி.

4. வேலையில்லா நாட்கள் வரும். 2019ல் வாகனத் தொழில் சரிந்தபோது அசோக் லேலண்ட் தன் ஓசூர் ஆலைகளிலும் இப்படி நாட்களை அறிவித்தது நினைவிருக்கும். அது சந்தை மந்தத்தால் வந்தது, சந்தை திரும்பியதும் ஆலையும் திரும்பியது. எனவே வேலையில்லா நாள் வந்தாலே கம்பெனி காலி என்று முடிவு கட்ட வேண்டாம். மேலே உள்ள 2ம் 3ம் சேர்ந்து வந்தால்தான் யோசிக்க வேண்டும்.

5. நல்ல ஆட்கள் போவார்கள். டூல் ரூம் ஆள், மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன், புரோகிராம் போடத் தெரிந்தவர். ஓசூரில் இவர்களுக்கு அடுத்த வாரமே வேலை கிடைக்கும்.

6. மிஞ்சியவர்கள் மேல் போனவர்களின் வேலையும் ஏறும்.

ஐந்தாவதுதான் திருப்பம். தானாகப் போகும்படி விட்டால் யார் போக வேண்டும் என்பதை நிர்வாகம் தேர்ந்தெடுக்க முடியாது. வெளியே விலை போகிறவர்தான் போவார், போக வழியில்லாதவர் இருப்பார். இயந்திரம் நிற்கும் நேரம் கூடும், ரிஜெக்ஷன் கூடும், அதைக் காட்டி "உற்பத்தித்திறன் இல்லை" என்று அடுத்த குறைப்புக்குக் காரணம் எழுதுவார்கள். இறங்கும் கம்பெனி சீக்கிரமாக இறங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மேலே உட்கார்ந்து எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு 20 பேர் குறைந்தால் 20 பேர் சம்பளம் மிச்சம் என்று மட்டும்தான் தெரியும்.

இருப்பவர்கள் பக்கமும் பார்க்க வேண்டும். 45 வயது, பிள்ளை கல்லூரியில், மூக்கண்டப்பள்ளியிலோ பாகலூர் சாலையிலோ கட்டிய வீட்டுக்கு இன்னும் எட்டு ஆண்டுத் தவணை. இவர் கசந்துபோய் இருந்தாலும் போக மாட்டார் என்று ஹெச்.ஆருக்கும் தெரியும். அதனால் இவருக்குத்தான் ஷிஃப்ட் மாற்றம், வேறு ஊர் மாற்றல், "உங்கள் பெர்ஃபார்மன்ஸ் திருப்தியில்லை" என்ற கடிதம் எல்லாம் வரும்.

சட்டம் இதற்கெல்லாம் என்ன பெயர் வைத்திருக்கிறது

செய்தியில் எல்லாவற்றையும் "லே-ஆஃப்" என்று எழுதுகிறார்கள். அமெரிக்காவில் அது சரி. இந்தியச் சட்டத்தில் ஒவ்வொன்றும் தனி, ஒவ்வொன்றுக்கும் தனிப் பணம்.

1. லே-ஆஃப்: தற்காலிகம். வேலை கொடுக்க முடியவில்லை, ஆனால் பெயர் பதிவேட்டில் இருக்கிறது. ஆலையில் 50 பேரோ அதற்கு மேலோ இருந்து, ஓராண்டு பணி முடித்திருந்தால், அந்த நாட்களுக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததில் பாதி.

2. ஆட்குறைப்பு: ஒழுங்கு நடவடிக்கை அல்லாத காரணத்துக்காக நிர்வாகம் வேலையை முடிப்பது. ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், அதோடு முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும் என்பது பொது விதி. அதை மீறினால் காரணம் எழுத வேண்டும். ஓராண்டுக்குள் மறுபடி ஆள் எடுத்தால் குறைக்கப்பட்டவருக்கு முன்னுரிமை.

3. மூடல்: தொகை ஆட்குறைப்பு போலத்தான். "தவிர்க்க முடியாத காரணம்" இருந்தால் தொகையை மூன்று மாதச் சம்பளத்துக்குள் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் நஷ்டமோ, விற்காமல் தேங்கிய சரக்கோ மட்டும் அப்படிப்பட்ட காரணம் ஆகாது என்று சட்டமே சொல்கிறது. "கம்பெனியே நஷ்டத்தில் இருக்கும்போது எதைக் கொடுக்க" என்ற வாதம் பேச நன்றாக இருக்கும், சட்டத்தில் நிற்காது.

4. விருப்ப ஓய்வு: இரு பக்கமும் ஒத்துக்கொண்ட தொகை. சட்டக் குறைந்தபட்சம் எதுவும் இல்லை. நிபந்தனைகளுக்கு உட்பட்டு 5 லட்சம் வரை வருமான வரி இல்லை.

5. குறித்த கால ஒப்பந்தம் முடிவது: இது ஆட்குறைப்பே இல்லை. ஒப்பந்தத் தேதி முடிந்தது, வீட்டுக்குப் போகலாம், 15 நாள் கணக்கு கிடையாது. புதிய சட்டத்தில் இவர்களுக்குக் கிடைத்த ஒரு நல்லது, ஐந்து ஆண்டு காத்திராமல் ஓராண்டு முடித்தாலே அந்த விகிதத்தில் கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு.

6. ராஜினாமா: சம்பள பாக்கி, லீவு பணம், தகுதி இருந்தால் கிராஜுவிட்டி. அவ்வளவுதான்.

ஹெச்.ஆர். அறையில் நடக்கும் பேச்சு முழுக்க 2ல் இருக்க வேண்டியவரை 6க்குத் தள்ளும் பேச்சு. "டெர்மினேட் பண்ணினால் உன் ரெக்கார்டில் வரும், அடுத்த கம்பெனியில் சேர்க்க மாட்டார்கள், நீயே எழுதிக் கொடுத்துவிட்டால் நல்ல சர்டிஃபிகேட்." ஆட்குறைப்பு ஒழுங்கு நடவடிக்கை கிடையாது, அதனால் ரெக்கார்டு கெடுவதற்கு அதில் ஒன்றுமில்லை. இந்த ஒரு வாக்கியம் தெரியாமல் கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனையோ பேர்.

ஒரே ஆள், இரண்டு காகிதம்

கணக்காகப் பார்த்தால்தான் உறைக்கும். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 26,000 ரூபாய், 12 ஆண்டு பணி என்று வைத்துக்கொள்வோம்.

கிராஜுவிட்டி: 26,000ஐ 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் 15,000. பன்னிரண்டு ஆண்டுக்கு 1,80,000. இது ராஜினாமா செய்தாலும் வரும், ஆட்குறைப்பிலும் வரும்.

ஆட்குறைப்பு நஷ்டஈடு: இங்கே மாதத்தை 30 நாளாக வைத்து வகுப்பார்கள். 15 நாளுக்கு 13,000, பன்னிரண்டு ஆண்டுக்கு 1,56,000.

நோட்டீஸ் சம்பளம்: ஒரு மாதம் என்றால் 26,000. அரசு அனுமதி தேவைப்படும் அளவுக்குப் பெரிய ஆலை என்றால் மூன்று மாதம், 78,000.

புதிய சட்டத்தில் மறுபயிற்சி நிதி என்று ஒன்று: குறைக்கப்படும் ஒவ்வொருவருக்கும் நிறுவனம் 15 நாள் சம்பளம் கட்ட வேண்டும், அது 45 நாளுக்குள் அவர் கணக்குக்கு வர வேண்டும். இங்கே 13,000.

ஆக ராஜினாமா என்றால் 1,80,000. ஆட்குறைப்பு என்றால், சின்ன ஆலையில் 3,75,000, பெரிய ஆலையில் 4,27,000. வித்தியாசம் ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு வரி. இது சட்டத்தின் அடிமட்டம், ஃபோர்டு மாதிரி பேரம் பேசினால் எங்கே போகும் என்பது வேறு.

300 என்ற எண்

இனி அந்த வாட்ஸ்ஆப் பேச்சுக்கு வருவோம். ஆலை, சுரங்கம், தோட்டம் இந்த மூன்றில், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் தொழிலாளர் இருந்தால் லே-ஆஃப், ஆட்குறைப்பு, மூடல் எதற்கும் அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். 1976ல் இந்த ஏற்பாடு வந்தபோது எண்ணிக்கை 300. 1982ல் திருத்தி 100 ஆக்கினார்கள், அது 1984லிருந்து நடைமுறைக்கு வந்தது. தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 2020, மறுபடி 300 ஆக்கியிருக்கிறது. நாற்பது ஆண்டு கழித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்தாயிற்று.

எனவே மாறியது இவ்வளவு: 100லிருந்து 299 வரை ஆட்கள் உள்ள ஆலைக்கு முன் அனுமதி வேண்டாம். நோட்டீஸும் 15 நாள் கணக்கும் அவர்களுக்கும் உண்டு, அது போகவில்லை. 300ம் அதற்கு மேலும் என்றால் அனுமதி இன்னும் வேண்டும், ஆனால் விண்ணப்பம் போட்டு 60 நாளுக்குள் அரசு பதில் சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே அர்த்தம்.

நம் ஊருக்கு இதில் ஒரு விஷயம் இருக்கிறது. ஓசூரில் பெரிய பெயர் உள்ள ஏழெட்டு ஆலையை விட்டால், அவர்களுக்கு உதிரிபாகம் செய்யும் நடுத்தர ஆலைகளில் பலவும் இந்த நூறு முதல் முந்நூறு வரைக்குள் வரும் ரகம். சட்ட மாற்றத்தின் அடி விழுவது அங்கேதான். பெரிய கம்பெனி ஊழியர்தான் வாட்ஸ்ஆப்பில் அதிகம் பயப்படுகிறார், பயப்பட வேண்டியவர் பக்கத்துக் காம்பவுண்டில் இருக்கிறார்.

பெரிய ஆலையிலும் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும் பழக்கம் உண்டு. டிரெய்னியையும் அப்ரண்டிஸையும் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அப்ரண்டிஸ் சட்டம், 1961, அப்ரண்டிஸைத் தொழிலாளியாகவே எடுத்துக்கொள்வதில்லை. தமிழ்நாட்டில் 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை செய்தால் நிரந்தரம் ஆக்க வேண்டும் என்று 1981லேயே தனிச் சட்டம் இருக்கிறது. 480 எட்டுவதற்குள் பிரேக் கொடுத்து, வேறு காண்ட்ராக்டர் பெயரில் மறுபடி எடுப்பது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

நீங்கள் "தொழிலாளி"யா?

இவ்வளவும் சட்டத்தில் சொல்லும் தொழிலாளிக்கு மட்டும். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் வர மாட்டார். மேற்பார்வை வேலை செய்து மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவரும் வர மாட்டார் (பழைய சட்டத்தில் இது 10,000).

இதனால்தான் டிப்ளமோ முடித்து லைனில் நிற்கிற பையனுக்கு "எக்ஸிகியூட்டிவ்" என்று ஐ.டி. கார்டு அடித்துக் கொடுக்கிறார்கள். ஊரில் சொல்லிக்கொள்ளவும் கௌரவமாக இருக்கிறது. ஆனால் நீதிமன்றங்கள் பதவிப் பெயரைப் பார்ப்பதில்லை, உண்மையில் என்ன வேலை செய்தார் என்றுதான் பார்க்கின்றன. லீவு கொடுக்கும் அதிகாரம் உண்டா, தண்டிக்கும் அதிகாரம் உண்டா, நாள் முழுக்க இயந்திரத்தில் நின்றாரா. நிரூபிக்க வேண்டியது கேட்கும் ஆள் பொறுப்பு. ஷிஃப்ட் பட்டியல், உற்பத்தி ரிப்போர்ட்டில் உங்கள் பெயர் உள்ள பக்கம், வேலை ஒதுக்கிய மெயில் எல்லாம் இதற்கு உதவும், கம்பெனி மெயிலை முடக்குவதற்கு முன் கையில் இருந்தால்.

தினமும் பெங்களூர் போய் வருகிறவர்கள்

எலக்ட்ரானிக் சிட்டி ஓசூரிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஐ.டி. கம்பெனியில் பத்தாயிரம் பேர் இருந்தாலும் முன் அனுமதி விதி அங்கே செல்லாது, ஏனென்றால் அது ஆலையும் இல்லை, சுரங்கமும் இல்லை, தோட்டமும் இல்லை. 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது 12,000க்கும் மேல், குறைக்கப்போவதாக அறிவித்தபோது "அரசு எப்படி அனுமதித்தது" என்று பலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய அவசியமே சட்டத்தில் இல்லை. தொழிலாளி என்ற வரையறைக்குள் வருபவருக்கு நோட்டீஸும் 15 நாள் கணக்கும் உண்டு.

இன்னொன்று, வீடு ஓசூரில் இருந்தாலும் வேலை செய்யும் இடம் கர்நாடகம் என்றால் புகார் போக வேண்டியது கர்நாடகத் தொழிலாளர் துறைக்கு. கிருஷ்ணகிரி அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பதில் பலன் இல்லை.

சிட்கோ பட்டறை வரை

பெரிய கம்பெனியில் 200 பேர் போனால் செய்தி. அதற்கு முன்னால் அதே கம்பெனிக்கு ஜாப் ஒர்க் (கூலிக்கு உதிரிபாகம் செய்து கொடுப்பது) செய்யும் சிட்கோ சிறுதொழிற்பேட்டைப் பட்டறைகளில் மொத்தமாக அதைவிட அதிகம் பேர் போயிருப்பார்கள், அது எங்கும் வராது. நான்கு லேத்தும் எட்டுப் பேரும் உள்ள இடத்தில் ஆர்டர் பாதியானால் நான்கு பேர் அந்த வாரமே நிற்பார்கள். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இறங்கும் கம்பெனி அதை 90, 120 என்று இழுக்கும், பட்டறைக்காரர் அடுத்த ஆர்டர் போய்விடுமே என்று வாயைத் திறக்க மாட்டார். வேறு வாடிக்கையாளர் இல்லாமல் ஒரே கம்பெனியை நம்பிய பட்டறைதான் முதலில் மூடும்.

கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போனால்

இது வேறு பாதை. திவால் சட்டம், 2016ன்படி கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் ஒரு தீர்வு அலுவலரை நியமிக்கும், பழைய நிர்வாகத்திடம் பேசி இனிப் பயனில்லை. பாக்கி வர வேண்டிய தொழிலாளர்கள் அவரிடம் உரிய படிவத்தில் கோரிக்கை கொடுக்க வேண்டும். யாரோ ஒருவர் எல்லாருக்கும் சேர்த்துக் கொடுத்திருப்பார் என்று இருந்துவிடக் கூடாது. கலைப்பு வரை போனால் தொழிலாளிக்கு வர வேண்டிய கடைசி 24 மாதப் பாக்கி, அடமானம் வைத்துக் கடன் கொடுத்த வங்கியோடு சமவரிசையில் நிற்கும். மேலாளர் நிலையில் உள்ளவருக்கு 12 மாதம், அதற்கு அடுத்த வரிசை. பி.எஃப்., கிராஜுவிட்டி நிதியில் உள்ள பணம் கடன்காரர்களுக்குப் பங்கு போகாது. ஆனால் "நிதியில் உள்ள பணம்" என்பதைக் கவனியுங்கள்: பிடித்த பி.எஃப்.பை கம்பெனி கட்டாமலே விட்டிருந்தால் அந்தப் பணம் நிதியில் இருக்காது. உங்கள் யு.ஏ.என். (பி.எஃப். கணக்கு எண்) பாஸ்புக்கை மாதா மாதம் பார்க்கச் சொல்வது இதற்குத்தான்.

கையெழுத்துக்கு முன்னால்

1. ராஜினாமா கடிதத்தில் "சொந்தக் காரணம்" என்று எழுதச் சொன்னால், எழுதாதீர்கள். கேட்டவர் யார், எந்தத் தேதி, என்ன சொன்னார் என்பதை அன்றே சொந்த மெயிலில் இருந்து ஹெச்.ஆருக்கு அனுப்புங்கள். பின்னால் கட்டாய ராஜினாமா என்று வாதாட இது ஒன்றுதான் கையில் இருக்கும்.

2. ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தால், நிர்வாகம் ஏற்றுக்கொள்வதற்கு முன் எழுத்து மூலம் திரும்பப் பெறப் பாருங்கள். தாமதிக்கத் தாமதிக்கக் கடினம்.

3. வேலை முடிந்தால் சம்பள பாக்கி இரண்டு வேலை நாளுக்குள் வர வேண்டும் என்பது புதிய ஊதியச் சட்டம். கிராஜுவிட்டிக்கு 30 நாள். "ஃபுல் அண்ட் ஃபைனல் (கடைசிக் கணக்கு) 60 நாள் ஆகும்" என்பது கம்பெனி பழக்கம், சட்டம் இல்லை.

4. பி.எஃப்.போடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டத்தில் பத்து ஆண்டு ஆகியிருந்தால் 58 வயதில் பென்ஷன் உண்டு. பத்து ஆகாதவர் அந்தப் பணத்தை எடுத்துவிடாமல் ஸ்கீம் சர்டிஃபிகேட் வாங்கி வைத்தால், அடுத்த கம்பெனி ஆண்டுகளோடு சேர்ந்துகொள்ளும்.

5. முதலில் போக வேண்டியது தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம். 45 நாளில் முடிவு வராவிட்டால் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பழைய சட்டத்தில் தனி ஆள் வழக்குக்கு மூன்று ஆண்டு அவகாசம் இருந்தது, இப்போது இரண்டு. வேலை முடிந்த தேதியிலிருந்து எண்ணுவார்கள், வேறு வேலை தேடி அலைந்த மாதங்களும் அதற்குள்தான் வரும்.